பிரிட்டாவின் தட்டில் என்ன இருந்தது

எங்கள் ஊர்த் தீயணைப்புக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலைச் சாப்பாட்டு நாளில் சைரன் ஊதி, சாப்பிட்டுக்கொண்டிருக்கிற வீரர்கள் அப்படியே எழுந்து ஓடினால், அவர்கள் தட்டை யாரும் எடுக்க மாட்டோம். மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைப்போம். திரும்பி வந்ததும், எவ்வளவு ஆறிப்போயிருந்தாலும், அவரவர் தட்டை அவரவரே திறந்து சாப்பிட வேண்டும். ஏன் என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் லூத்தரன் சபைக்காரர்கள், சகுனம் கிகுனம் எல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் அந்தத் தட்டில் மட்டும் கை வைக்க மாட்டோம்.

வருஷாவருஷம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் நீள மேசைகளைப் போட்டு, ஊருக்கே பான்கேக்கும், பேக்கன் என்கிற உப்புப் பன்றிக்கறித் துண்டும் போடுவோம். பான்கேக் கல் என்னுடையது. பக்கத்துக் கல்லில் பேக்கன் வாட்டுவது என் கணவன் வெர்லின். போன வருஷம் அவன் இதயக் குழாயில் அடைப்பு வந்து, டாக்டர் இரண்டு கட்டளை போட்டார். தீயணைக்கப் போகக் கூடாது, பேக்கன் தின்னக் கூடாது. அதற்கு இந்த ஊர்க்காரர்கள் செய்தது என்ன தெரியுமா? தீயணைப்பிலிருந்து எடுத்து அவனைப் பேக்கன் கல்லில் நிறுத்தினார்கள். இவர்கள் மூளையை என்னவென்று சொல்ல.

அவன் விட்ட இடத்தில் எங்கள் மகள் பிரிட்டா சேர்ந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பனும் மகளும் பேசி முடித்துவிட்டு, தலைக்கவசத்தோடு வந்து நின்றார்கள். குளிர்காலம் முழுக்க நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த வருஷச் சாப்பாட்டு நாளில் எல்லாம் முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இதை விட்டுவிடு என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். அதனால் காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பிரிட்டா தட்டோடு போய் வாசல் பக்க மேசையில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். அத்தனை பேர் இடுப்பிலும் பேஜர் ஒரே நேரத்தில் கத்தியது. லிண்டால் பண்ணையில் மாட்டுக் கொட்டகை எரிகிறதாம். நாற்காலிகள் பின்னால் சாய, தலைவர் டுவேன் முன்னால் ஓட, மற்றவர்கள் பின்னால் ஓட, பிரிட்டா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடினாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெர்லின் கையில் இடுக்கியோடு இரண்டடி முன்னால் வைத்துவிட்டான்.

"எங்க போற?" என்றேன்.

"எங்கயும் போகல."

"அப்ப கல்லைப் பாரு. கருகுது."

வண்டிச் சத்தம் தேய்ந்து போயிற்று. பெண்கள் தட்டுகளை மூடினார்கள். வரிசை அப்படியே நின்றது. கொட்டகை எரிந்தாலும் மனிதர்களுக்குப் பசிக்கத்தானே செய்கிறது. நான் மாவை ஊற்றினேன், திருப்பினேன், ஊற்றினேன். வரிசையின் முன்னால் நின்ற ஆர்வில் கிழவர், "ஆர்டிஸ், இந்தப் பக்கம் வெந்து போச்சு, அந்தப் பக்கம் வேகவே இல்ல" என்றார்.

"வேகாத பக்கத்தக் கீழ வச்சு தின்னுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாசல் பக்க மேசையைப் பார்த்தேன். மூடிய தட்டுகள் வரிசையாக இருந்தன. பிரிட்டாவின் இடம் மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

கோலீன் போன இலையுதிர்காலத்தில்தான் நகரத்திலிருந்து வந்து ஏரிக்கரையில் வீடு வாங்கியவள். நல்ல மனசுக்காரி, எங்கே வேலை இருக்கிறது என்று தேடித் தேடிச் செய்கிறவள். கையில் ஈரத்துணியோடு நின்றாள்.

"அந்தத் தட்டு எங்க?" என்று கேட்டேன்.

"எந்தத் தட்டு? ஒண்ணு மட்டும் மூடாம இருந்துச்சு, ஈ மொய்ச்சுது. கொட்டிட்டுக் கழுவிட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் காப்பிக் கோப்பையையே பார்த்தார்கள். பாவம் கோலீன், தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளைத் திட்டவும் முடியவில்லை. "ஒண்ணுமில்ல, விடு" என்றேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன்.

திரும்பி வந்து வெர்லினிடம் சொன்னேன். அவன் முகம் மாவு நிறத்துக்குப் போயிற்று.

"இன்னொன்னு செஞ்சு வச்சுடு" என்றான் மெதுவாக.

"செய்யறேன். எப்படி இருந்துச்சு அவ தட்டு? அப்படியே செய்யணுமில்ல."

"எனக்கென்ன தெரியும்? பேக்கன் கேட்டா, போட்டேன்."

"சொந்தப் பொண்ணு என்ன தின்றான்னு தெரியாத அப்பன்."

"நீ பாத்தியா?"

"எனக்கு முன்னால ஊரே நிக்குது, நான் எதைப் பாக்க?"

என் கை சும்மா இருக்காது. பேக்கன் துண்டுகளை என் கல்லில் நீளவாட்டில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் மாவை ஊற்றினேன். சின்ன வயதில் அவளுக்கு இப்படித்தான் செய்து கொடுப்பேன். திருப்பிப் போட்டதும் பேக்கன் பான்கேக்கின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் அந்தக் கொழுப்பிலேயே மொறுமொறுவென்று வந்தது. வெர்லின் எட்டிப் பார்த்தான்.

"இது இல்ல. வட்டமாத்தான் இருந்துச்சு."

"தெரியாதுன்னியே?"

அவன் இடுக்கியால் பேக்கனைத் திருப்பினான். நான் அதை ஆர்வில் தட்டில் தள்ளினேன். அடுத்து, வட்டமாக ஊற்றி, உள்ளே பேக்கனை வைத்து, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டினேன். பிரிட்டா பள்ளிக்கூடம் போகும்போது பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே தின்றது அப்படித்தான்.

"சுருட்டல" என்றான்.

அதையும் வரிசைக்குக் கொடுத்தேன். பேக்கனைப் பொடியாக நறுக்கி மாவிலேயே கலந்து ஊற்றினேன். இரண்டு பான்கேக்குக்கு நடுவே பேக்கனும் முட்டையும் வைத்துப் பார்த்தேன். முட்டை அவளுக்குப் பிடிக்காது என்று வைத்த பிறகுதான் நினைவு வந்தது. எனக்குப் புத்தி அப்படி வேலை செய்தது அன்றைக்கு. பேக்கனைக் கூடை பின்னுவதுபோல் பின்னி, அதன்மேல் மாவை ஊற்றியதும் வரிசையில் இருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஏற்கெனவே சாப்பிட்டுப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து நின்றார்கள்.

"ஆர்டிஸுக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்றாள் ஒருத்தி. "இத்தன வருஷமா ஒரே மாதிரி ஊத்திக் கொடுத்த ஆளு."

"எனக்கு அந்தச் சுருட்டுனதுல ரெண்டு" என்றார் ஆர்வில். "மேப்பிள் பாகு உள்ள ஊத்தி. மேல ஊத்தாத, கையெல்லாம் ஒட்டுது."

எல்லாருக்கும் கொண்டாட்டம். நான் மட்டும் ஒவ்வொன்றையும் செய்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

சுவரில் இருந்த ரேடியோவில், தீயணைக்கப் போனவர்கள் பேச்சு விட்டு விட்டுக் கேட்டது. லிண்டால் பண்ணை பள்ளத்தில் இருக்கிறது, அங்கே போனால் பாதி வார்த்தை வராது. தண்ணீர் கேட்டார்கள். இன்னொரு வண்டி கேட்டார்கள். மாடுகளை வெளியே ஓட்டிவிட்டார்கள் என்று தெரிந்தது. அப்புறம் டுவேனின் குரல், அவர் குரல் மாதிரியே இல்லாமல் வந்தது. "கூரை போச்சு. எல்லாரும் வெளிய வாங்க. யார் யார் வெளிய இருக்கீங்க, பேரச் சொல்லுங்க." யாரோ ஒருவர் பெயர் கேட்டது. இன்னொரு பெயர். அப்புறம் வெறும் இரைச்சல்.

பிள்ளைகள் இருக்கிறார்களே என்று நினைத்தாரோ என்னவோ, ஆர்வில் போய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"கூட்டி வைங்க" என்றேன்.

"ஆர்டிஸ்..."

"கூட்டி வைங்கன்னு சொன்னேன்."

கூட்டினார். இரைச்சல்தான் கூடியது. கல்லில் மாவு கருகும் வாசனை வந்தது, என் கல்தான். சுரண்டினேன். எங்கள் ஊரில் இந்த மாதிரி நேரத்தில் யாரும் யாரையும் கட்டிப் பிடிக்க மாட்டார்கள். "சரியாயிடும்" என்று யாரோ சொன்னார்கள், "காப்பி வேணுமா" என்று இன்னொருவர் கேட்டார். அவ்வளவுதான் எங்களுக்கு வரும்.

வெர்லின் இடுக்கியைக் கீழே வைத்தான்.

"ஆர்டிஸ்."

"என்ன?"

"அடியில."

"எது அடியில?"

"பேக்கன். பான்கேக்குக்கு அடியில இருந்துச்சு. மேல பாத்தா வெறும் பான்கேக்தான் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்குத்தான் வச்சிருந்தா. தட்டு எடுக்கப் போற மாதிரி போய் எடுத்துக்குவேன்."

"இன்னிக்கா?"

"எப்பவும்."

"வீட்லயுமா?"

"வீட்லயும்தான்."

ஒரு வருஷமாக இந்த மனிதனுக்கு உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்ததைப் பார்த்து எனக்கு அழுகைகூட வந்திருக்கிறது. மகள் எதிரே உட்கார்ந்து ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பான்கேக் தின்றுகொண்டிருப்பாள். கையில் இருந்த கரண்டியாலேயே அவன் தலையில் ஒன்று போட்டிருப்பேன். ஆனால் டாக்டர் துருவித் துருவிக் கேட்டும் ஒத்துக்கொள்ளாத ஆள், இப்போது தானாகச் சொல்கிறான் என்றால் அவன் எவ்வளவு பயந்திருக்க வேண்டும். அது தெரிந்ததும் எனக்கு இன்னும் அதிகமாகப் பயம் வந்தது.

"எத்தன துண்டு?" என்று கேட்டேன்.

"மூணு."

"மூணா?"

"சில நேரம் நாலு. இன்னிக்கு மூணுதான்."

அவன் மூன்று துண்டை எடுத்துத் தட்டில் வைத்தான். நான் அதன்மேல் நல்ல பான்கேக்காகப் பார்த்து வைத்தேன். ஓரத்தில் ஒரு வாய் அளவு பிய்த்து எடுத்தேன், அவள் ஒரு வாய் தின்றிருந்தாளே. கோலீன் ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மூடி, அவள் இடத்தில் வைத்தோம். அதன்பிறகு வெர்லினும் நானும் அடுப்பண்டை போகவில்லை, அந்தத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டோம். மாவு ஊற்றுவதைக் கோலீன் எடுத்துக்கொண்டாள், கண்டபடி ஊற்றினாள். யாரும் குறை சொல்லவில்லை.

வண்டி திரும்பியபோது முதலில் டுவேன் வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக. அவள் வரவில்லை. நான் எழுந்துவிட்டேன். டுவேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெளிய பூட்ஸ் கழுவுறா" என்றார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

பிரிட்டா வந்தாள். முகமெல்லாம் கரி, முடியில் சாம்பல். எதிரே உட்கார்ந்து மூடியை எடுத்தாள். முள்கரண்டியால் பான்கேக்கைத் தூக்கிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்" என்றான்.

அவள் பேக்கனைப் பழக்கத்தில் அவன் பக்கம் ஒதுக்கப் போய், என்னைப் பார்த்து நிறுத்தினாள். வெர்லின் தட்டை அவள் பக்கமே தள்ளினான். "நீ தின்னு." அவள் ஆறிப்போன அந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றாள். அப்புறம்தான் பேசினாள்.

"டுவேன் தண்ணி ஹோஸ மாத்தணும்னு வெளிய கூப்பிட்டார். வெளிய கால் வச்சேன். நான் நின்னுட்டிருந்த இடத்துல கூரை விழுந்துச்சு."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கூரை விழறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் கேக்கும்னு சொல்வீங்களே. நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். ஒண்ணும் கேக்கல."

கூரை சும்மா விழாது, முன்னாலேயே முனகும், கேட்டதும் வெளியே வந்துவிடுவோம். வெர்லின் ஒவ்வொரு தடவை சைரனுக்கு ஓடும்போதும் என்னிடம் இதைத்தான் சொல்லிவிட்டுப் போவான். கல்யாணமான நாளிலிருந்து இதை நம்பித்தான் நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அவன் மேசையைப் பார்த்தபடி இருந்தான். "எனக்கும் கேட்டதில்ல" என்றான். "ஒரு தடவகூட."

பக்கத்து மேசையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. விட்டுவிடு என்று சொல்ல வைத்திருந்த அத்தனையும் நுனிநாக்கு வரை வந்தது. ஆனால் எங்கள் சபையில், எங்கள் வீட்டில், எனக்குத் தெரிந்து யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றுதான் வெளியே வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு பிரிட்டா."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கரி படிந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தாம்மா" என்றாள். "அடுத்த தடவ போகும்போதும் இருக்கும்."

வெர்லின் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, எங்கள் இரண்டு பேர் கைமேலும் தன் கையை வைத்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று இருந்தோம்.