ஒன்பது 'இல்லை'

அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த நர்ஸை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுவதிலோ கட்டுக் கட்டுவதிலோ வாங்கிய பெயர் அல்ல. டேப்லெட்டின் தொடுதிரையில் வரும் மனநலக் கேள்விகள் ஒன்பதையும் பத்தே நொடியில் முடித்துவிடுவாள். அதற்குக் கிடைத்த பட்டம்.

காய்ச்சலோ கை முறிவோ, எதற்கு வந்தாலும் நோயாளி கையில் அந்த டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவரே படித்து அவரே தொட வேண்டும். இதுதான் விதி. தூக்கம் கெடுகிறதா, எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறதா என்று ஆரம்பித்து, செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா என்பதில் வந்து நிற்கும். முடித்து அனுப்பியதும், அதில் ஒரே ஒரு 'ஆமாம்' இருந்தாலும் மனநல மருத்துவருக்குத் தகவல் போய்விடும். பதில் முழுதாக வரும்வரை, சுவரிலிருக்கும் பெரிய திரையில் நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி எரியும். அது அணையாமல் தலைமை நர்ஸின் வாய் அடங்காது. அதனால் கூட்டம் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் மற்ற நர்ஸ்கள் செய்வதைத்தான் மின்னலும் செய்தாள். டேப்லெட்டை வாங்கி, முதல் கேள்விக்குத் திரும்பிப் போய், வரிசையாக 'இல்லை'. திரையைப் பார்க்கக்கூட வேண்டாம், கட்டைவிரலுக்கே வழி தெரியும்.

போன வாரம் ஒரு தையல்காரம்மா, மிஷின் ஊசி விரலில் ஏறி வந்திருந்தாள். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிரவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் இரண்டு ஆம்புலன்ஸ்.

"குடுங்கம்மா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று மின்னல் கை நீட்டினாள். தையல்காரம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். பத்து நொடியில் புள்ளி அணைந்தது.

இன்று காலை அதே தையல்காரம்மாவை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாத்திரைகளை விழுங்கியிருந்தாள். மதியத்துக்குள் உயிருக்கு ஆபத்தில்லை என்றாகிவிட்டது. எல்லோரும் மூச்சு விட்டார்கள், மின்னல் மட்டும் போன வாரத்து டேப்லெட்டையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் டாக்டர் கணினியைத் திறந்து போன வாரப் பதிவைப் பார்த்தார். பக்கத்தில் தையல்காரம்மாவின் வீட்டுக்காரர்.

"ஒன்பதுக்கும் இல்லன்னு போட்டிருக்காங்க. மறைக்கிற ஆளு. இனிமே இவங்க சொல்றத அப்படியே நம்பக் கூடாது. எழுதி வச்சிடறேன்."

"கல்லுளிமங்கி சார் அவ. எங்கிட்ட சொல்லல, சரி. பெத்த பொண்ணுகிட்ட சொல்லல, அதுவும் சரி. முகமில்லாத மிஷின்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? எங்கள பழி வாங்கணும்னே பண்ணியிருக்கா." அழ வேண்டிய மனுஷன் கோபத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்தக் கோபத்தோடுதான் அவர் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போவார். மின்னலுக்கு அது தெரிந்தது. வாயைத் திறந்தால் வேலைக்கு உலை என்பதும் தெரிந்தது. ஊரே செய்கிற காரியம்தானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், மனசு கேட்கவில்லை. கடைசியில் ஒன்றைப் பிடித்தாள்: அந்தம்மாவே தொட்டிருந்தாலும் 'இல்லை' என்றுதானே தொட்டிருப்பாள்? அதை அவள் வாயாலேயே கேட்டுவிட்டால் போதும், நிம்மதி. வெட்கக்கேடான ஆசைதான். இருந்தும் படுக்கையருகே போய் நின்றாள்.

"அம்மா, அன்னைக்கு நான் அத வாங்காம இருந்திருந்தா, நீங்க என்ன போட்டிருப்பீங்க?"

தையல்காரம்மா கண்ணைத் திறந்தாள். "போட்டுட்டுத்தான சிஸ்டர் குடுத்தேன்?"

"எத?"

"கடைசிக் கேள்விக்கு ஆமான்னு தொட்டேனே. ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் தொட்டேன். அனுப்பறதுதான் பாக்கி. நீங்க வாங்கிட்டுப் போனதும், சரி, யாராவது வந்து கேப்பாங்கன்னு நெனச்சேன். கட்டுப் போட்டு முடிஞ்சும் ரெண்டு மணி நேரம் பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். ஒருத்தரும் வரல. படிச்சுட்டுத்தான் விட்டுட்டாங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டேன்." சற்று மூச்சு வாங்கினாள். "உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்ல."

மின்னலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அது யாருக்கும் போகலம்மா. நான் அழிச்சுட்டேன். பாக்காமலே அழிச்சுட்டேன்" என்றாள்.

வராந்தாவுக்கு வந்தபோது டாக்டர் இன்னும் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"எழுதாதீங்க டாக்டர். அவங்க மறைக்கல. ஆமான்னுதான் சொன்னாங்க. அத இல்லன்னு மாத்துனது நான்."

டாக்டரின் விரல்கள் நின்றன. வீட்டுக்காரர்தான் முதலில் பேசினார்.

"அவ சொன்னாளா?"

"சொன்னாங்க. சொல்லிட்டு, யாராவது வருவாங்கன்னு ரெண்டு மணி நேரம் காத்திருந்தாங்க."

அவர் கை ஓங்குவார், கத்துவார், சட்டையைப் பிடித்து இழுப்பார் என்று மின்னல் காத்து நின்றாள். அவரோ முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி மனைவியின் படுக்கைக்கு நடந்தார். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது மின்னலுக்கு.