முள் ஐந்தில் நின்றது

சின்னவள் சுவிட்சைத் தட்டினாள். வெள்ளைப் பீங்கான் தட்டின் பள்ளங்களில் சுற்றியிருந்த கம்பி மெல்லச் சிவந்தது. ஆம்பியர் மீட்டரின் முள் எழுந்து, கண்ணாடியில் வரைந்திருந்த கோட்டைத் தாண்டி, ஐந்தில் போய் நின்றது. கோடு இருந்தது நாலே முக்காலில். சுவிட்சை அணைத்து, தட்டு ஆறியதும் அதன் ஓரத்தில் சிவப்புச் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டுக் கூடையில் வைத்தாள். கழிவு.

கழிவான காயிலுக்குக் கூலி கிடையாது. மின்சார அடுப்புக்குக் காயில் சுற்றும் அந்தப் பட்டறையில் சோதிக்கிறவள் சின்னவள், சுற்றுகிறவள் அவளுடைய அண்ணி ஒருத்திதான். மூட்டை தூக்கி இடுப்பு போய் அண்ணன் படுத்ததிலிருந்து வீடு அண்ணியின் கையை நம்பித்தான் ஓடியது. போன மாதம் வரை அந்தக் கையில் ஒரு காயில் தப்பியதில்லை. முள் நாலரைக்குச் சற்று மேலே அடக்கமாக நிற்கும். இப்போது எதைச் சொருகினாலும் ஐந்துக்கு ஓடியது.

"கம்பியை அளவு குறைச்சுச் சுத்துறா, அதான் முள் ஏறுது. சனிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா திங்கக்கிழமை வர வேணாம்னு சொல்லிடு" என்று சூப்பர்வைசர் சின்னவளிடமே சொல்லியிருந்தார். இன்று சனிக்கிழமை.

அண்ணி இயந்திரத்தின் முன் குனிந்து ஒவ்வொரு சுற்றையும் முணுமுணுத்து எண்ணினாள். சந்தேகம் வந்து, சுற்றியதைப் பிரித்து மறுபடி எண்ணினாள். கம்பி அறுத்த விரல்களில் துணி கட்டியிருந்தது. பத்து நாளாக வீட்டில் சின்னவளுக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை.

"நாத்தனார் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?" என்று பேக்கிங் அக்கா சிரித்துக்கொண்டே போனாள். சின்னவள் குனிந்து அடுத்த தட்டைச் சொருகினாள். கட்டி வந்த நாளிலிருந்து தனக்குத் தலை வாரிவிட்டவளுக்குத் தன் கையாலேயே குழி வெட்ட வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது.

ஒரே ஆறுதல் விசிறிதான். வருஷக்கணக்காகப் பெயருக்குச் சுற்றியது, ஒரு மாதமாகப் பேய் பிடித்ததுபோல் சுற்றியது. சூப்பர்வைசர் ஆள் வைத்து ரிப்பேர் செய்திருக்கிறார் என்று பெண்கள் அவரை வாயார வாழ்த்தினார்கள்.

மேசைக்கு மேலே தொங்கிய பல்பு டப்பென்று போனது. இந்த மாதம் இது மூன்றாவது. சின்னவள் புது பல்போடு ஸ்டூலில் ஏறினாள். சுவரின் உச்சியில் மின்னழுத்தம் காட்டும் வோல்ட் மீட்டர் ஒன்று தூசி அப்பிக் கிடந்தது. எப்போதும் இருநூற்று முப்பதுதானே என்று யாரும் அதை அண்ணாந்து பார்ப்பதில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

இருநூற்று ஐம்பது.

பல்பைப் போட மறந்து அப்படியே நின்றாள். பத்தாம் வகுப்புப் பாடம் வாயில் வந்தது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், கம்பியின் தடை. இருநூற்று ஐம்பதை ஐந்தால் வகுத்தாள். ஐம்பது. காயிலுக்கு இருக்க வேண்டியதும் அதே ஐம்பது ஓம்தான். கம்பியில் ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. தான் பார்த்தது ஒரு முள்ளை, பார்க்காமல் விட்டது இன்னொன்றை.

"அண்ணி! உங்க மேல தப்பே இல்ல அண்ணி! கரண்ட்தான் அதிகமா தள்ளுது!"

அண்ணி நிமிர்ந்தாள். "என்ன பாப்பா சொல்ற? என் கை சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு. நான்தான் கண்ணை மூடிக்கிட்டு கோடு போட்டிருக்கேன்."

அண்ணி துணி சுற்றிய விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவற்றால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எப்போதும் சாத்தியிருக்கும் பேக்கிங் அறையின் கதவைத் தட்டினாள். சூப்பர்வைசர் கதவைப் பாதி திறந்து வழியை அடைத்து நின்றார்.

"சார், காயில் எல்லாம் சரியா இருக்கு. இங்க இருநூத்தம்பது வோல்ட் வருது, அதனாலதான் அஞ்சு ஆம்பியர் இழுக்குது."

"அஞ்சு இழுத்தா எத்தனை வாட்? பெருக்கிப் பாரு."

"ஆயிரத்து இருநூத்தம்பது."

"பெட்டியில ஆயிரம்னு அச்சடிச்சிருக்கு. அப்போ கழிவுதானே?"

"இருநூத்து முப்பது வர்ற வீட்டுல நாலு புள்ளி ஆறுதான் சார் இழுக்கும். ஆயிரத்துச் சொச்சம் வாட். எப்பவும் அனுப்புறதுதானே?"

சூப்பர்வைசர் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "தெரியும்மா. போன மாசம் டிரான்ஸ்பார்மர் மாத்தினாங்க, அதுலேர்ந்து இப்படித்தான். முதலாளிக்கும் தெரியும்."

"அப்போ அண்ணி கூலி?"

"கோட்டைத் தாண்டினா கழிவு. அது முதலாளி வெச்ச சட்டம், நான் மாத்த முடியாது. உங்க அண்ணி திங்கக்கிழமை வரட்டும், வேணாம்னு சொல்லல. போதுமா? போய் வேலையைப் பாருங்க."

அவர் திரும்பியபோது கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. உள்ளே பேக்கிங் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், உடைக்கப் போவதாகச் சொல்லி எடுத்துப்போன கழிவுக் கூடை. ஒரு தட்டை எடுத்து, ஓரத்துச் சிவப்புக் கோட்டை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்தவற்றின் வரிசையில் வைத்தாள். சுவரோடு அடுக்கிய பெட்டிகள் லாரிக்குத் தயாராக இருந்தன. அக்கா இவர்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். கதவு சாத்தப்பட்டது.

இருவரும் திரும்பி வந்தார்கள். விசிறி ஜோராகச் சுற்றியது. அண்ணி காலையில் சுற்றி வைத்த தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். சின்னவள் சுவிட்சைத் தட்டினாள். முள் ஐந்தில் நின்றது. அணைத்தாள். தட்டு ஆறி வெகுநேரமாகியும் சாக்பீஸ் மேசையிலேயே கிடந்தது.

"நான் போட மாட்டேன், அண்ணி."

"போடு பாப்பா. வேலையும் போச்சுன்னா உங்க அண்ணனை என்ன செய்ய?"

சின்னவள் கையைக் கட்டிக்கொண்டாள். அண்ணி சாக்பீஸை எடுத்து, கட்டுப் போட்ட விரல்களுக்கிடையே இறுகப் பிடித்து, தன் காயிலில் தானே குறுக்குக் கோடு போட்டாள். சாத்திய கதவுக்கு அப்பால் பேக்கிங் அக்கா துணியைப் பிழிந்தாள். கதவின் அடியில் சிவப்பாகத் தண்ணீர் கசிந்து வந்தது.