மூன்று புள்ளிகள்

முன்பு இருந்த மாநிலத்தில் வாங்கிய என் கட்டட ஒப்பந்ததாரர் உரிமம் அன்று மாலை ஐந்து மணியோடு காலாவதி. அதற்குள் இந்த மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஆறு வருஷம் இன்னொருவர் உரிமத்தின் கீழ் வேலை பார்த்துக் காட்ட வேண்டும். அந்த இன்னொருவர் என் மச்சான்தான். இங்கே வந்த இரண்டு வருஷமும் அவர் பெயர்ப் பலகைக்குப் பின்னால்தான் சுவர் எழுப்பினேன். வீட்டுக்காரர்கள் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள், கைகுலுக்குவது அவரோடு.

உரிம அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் இருந்த அதிகாரி அம்மா பழைய உரிமத்தையும் என் விண்ணப்பத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"இது ரெண்டும் ஒரே ஆளா?"

"நான்தாங்க ரெண்டும்."

"விண்ணப்பத்துக் கையெழுத்துல மூணு எழுத்து மேல புள்ளி இருக்கு. உரிமத்துல ஒண்ணுகூட இல்ல. படிச்சா வேற யாரு பேரோ மாதிரி இருக்கு."

பக்கத்தில் நின்ற என் மனைவி முழங்கையால் இடித்தாள். "புள்ளி வைங்கன்னு அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?"

"அப்ப ஏன் புள்ளி வைக்கல?" என்றார் அந்த அம்மா.

சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னேன். நான் எழுதப் பழகியது முப்பத்தெட்டு வயதில், சுவரின் ஈரப் பூச்சின் மேல், பூசும் கரணையின் முனையால். சுவர் மூலையில் பெயரை எழுதிப் பார்ப்பேன், தேய்த்து அழிப்பேன். பூச்சில் புள்ளி வைத்தால் அது குழி. சரியாக மூடவில்லை என்றால் தண்ணீர் இறங்கும். நான் பூசிய சுவரில் நானே ஓட்டை போடுவதா? புள்ளியை விட்டுவிட்டேன். அதுவே பழகி உரிமத்திலும் ஏறிவிட்டது. இங்கே வந்த பிறகு மனைவி சொல்லிச் சொல்லித்தான் திருந்தியது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. வாயை மட்டும் கையால் மூடிக்கொண்டார்.

"சரி, பழைய மாதிரியே போட்டுக் குடுங்க. புது உரிமத்துலயும் அதே கையெழுத்து வந்துடும். அஞ்சு நிமிஷ வேலை."

வேறு தாள் தந்தார். போட்டேன். கை தானாகவே புள்ளி வைத்துவிட்டது. இன்னொரு தாள். அதிலும் இரண்டாவது எழுத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"வைங்கன்னா வைக்க மாட்டீங்க, வேணாம்னா வைப்பீங்க" என்றாள் மனைவி.

மூன்றாவது தாளில் பேனாவை வைத்தவன் எடுத்துவிட்டேன். மனசு வைத்திருந்தால் போட்டிருக்கலாம்.

"புள்ளியோட போட என்ன வழிங்க?"

"கையெழுத்து மாத்துற படிவம். ரெண்டு சாட்சி வேணும். அதுல ஒருத்தர் இங்க உரிமம் வச்சிருக்கிறவரா இருக்கணும். மணி நாலே கால் ஆச்சு. எதுக்கு இந்த வம்பு?"

"உரிமத்த வேலை நடக்குற இடத்துல மாட்டணுங்க. ரெண்டு வருஷம் அடுத்தவர் பேருக்குக் கட்டியாச்சு. இனியும் யாரு பேரோ மாதிரி இருந்தா எப்படி?"

அவர் படிவத்தை எடுத்தார்.

எங்களைக் கூட்டி வந்த மச்சான் வெளியே வண்டியில் சாய்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மீசையைத் தடவினார்.

"அப்ப நான் சாட்சி போட்டாத்தான் நீ என்ன விட்டுப் போவ."

"ஆமா மச்சான்."

"போடலேன்னா?"

"ஆறு வருஷம் உங்களோடதான். தினமும் மத்தியானம் உங்க எதிர்லயே உக்காந்து சாப்பிடுவேன்."

மனைவி வண்டிக் கதவைத் திறந்தாள். "அண்ணே, எறங்கு."

"உனக்கென்ன, எனக்கு ஒரு நல்ல கை போகுதே."

"ரெண்டு வருஷம் அந்தக் கைய வச்சுத்தான பேரு வாங்குன. எறங்கு."

இறங்கினார். உள்ளே வந்து சாட்சிக் கட்டத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே மனைவி போட்டாள். கடைசியாக நான். மூன்று புள்ளிகளையும் அவசரப்படாமல், தாளில் பதிகிற மாதிரி வைத்தேன்.

ஐந்தாக எட்டு நிமிஷம் இருந்தபோது முத்திரை விழுந்தது. புது உரிமத்தை அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு படிச்சுப் பாத்துட்டுப் போங்க. அப்புறம் தப்புன்னு வரக் கூடாது."

நின்ற இடத்திலேயே படித்தேன். எழுத்து எழுத்தாகத்தான் எனக்கு வரும். வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள், செருமல் நின்றது.

"ஒரு பேரப் படிக்க இம்புட்டு நேரமா மாப்ளே?" என்றார் மச்சான்.

"பேரு எப்பவோ முடிஞ்சுது. பின்பக்கம் பதினோரு நிபந்தனை இருக்கு."

"அதெல்லாம் யாரு படிக்கிறா? நான் என்னோடத இன்னிக்கு வரைக்கும் திருப்பிக்கூடப் பாத்ததில்ல."

வண்டியைத் திருப்புகிறேன் என்று அவர் வெளியே போனார். நான் நான்காவது நிபந்தனையில் இருந்தேன்.