குப்பைத்தொட்டிப் பக்கத்துச் சுவர்

மகாராஷ்டிராவின் வானவடியில் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் வெங்கடேஸ்வரன், ராணுவக் கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். துறைதான் அவரை விட்டதே தவிர, அவர் துறையை விடவில்லை. லிஃப்ட் நின்றுபோனால்கூட ‘நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது’ என்று வாட்ஸ்அப்பில் அறிக்கை வரும். அப்பேர்ப்பட்டவரிடம் போய்த்தான் அங்கே குடியிருக்கும் பார்கவி, சங்கத்து மதிலைச் சுரங்கக் கழிவால் பூசித் தரட்டுமா என்று கேட்டாள்.

தளேகாவில் பூச்சுக் கலவை தயாரிக்கும் ஆலையில் அவளுக்கு ஆய்வக வேலை. இரும்புத் தாதுவை எடுத்துக்கொண்டு சுரங்கக்காரர்கள் மலைமலையாகக் கொட்டிவிட்டுப் போகும் பொடியைச் சலித்து, விஷ உலோகம் ஏதும் கசிகிறதா என்று சோதித்து, மணலுக்குப் பதிலாகச் சிமென்ட்டோடு கலப்பாள். ஆய்வகத்தில் கலவை தேறிவிட்டது. நிர்வாகத்துக்கு அது போதவில்லை. நிஜமான சுவர் ஒன்று, ஒரு மழைக்காலம் முழுக்கத் தாக்குப்பிடித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் இந்த வேலையையே மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

கழிவு என்ற வார்த்தையைக் கேட்டதும் கமிட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டு கர்னல்களும் ஒரு வைஸ் பிரசிடென்ட்டும் குடியிருக்கிற இடம் இது என்று வெங்கடேஸ்வரன் நினைவூட்டினார். பார்கவியின் கணவன் கோகுல்நாத், கராடி ஐ.டி. கம்பெனியில் மென்பொருளுக்குப் பெயர் வைத்தே பழகியவன், ‘சஹ்யாத்ரி மினரல்’ என்று மாற்றிச் சொன்னால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள் என்றான். அவள் மறுத்தாள். பெயரை மறைத்துப் பூசினால் நாளைக்கு யார் நம்புவார்கள்? புறா வலை, பார்க்கிங் தகராறு என்று எதற்குக் கமிட்டி கூடினாலும் போய் உட்கார்ந்தாள். கடைசியில் இவளிடமிருந்து தப்பித்தால் போதும் என்று, பின்பக்கம் குப்பைத்தொட்டிகளை ஒட்டிய சுவரைக் கொடுத்தார்கள். தெருவைப் பார்த்த முன்சுவருக்கு, பளபளக்கும் மூட்டையில் வந்த ‘பிரீமியம்’ கலவை என்று முடிவானது.

மே மாத வெயிலில், ஒரே கொத்தனார்கள்தான் இரண்டையும் பூசினார்கள். பார்கவி தன் சுவரின் மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஆபீஸ் போகுமுன்னும் வந்தபின்னும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்சுவருக்கோ, பூசிய மறுநாளே திறப்பு விழா. சிவப்புக் கம்பளமும் சோஃபாவும் சுவரோரம் வந்துவிட்டதால், சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று தலைவரின் உத்தரவு. விழா முடிந்ததும், சுவரில் பதித்த சங்கப் பெயரின் பித்தளை எழுத்துகள் கறுத்துவிடும் என்பதால் உத்தரவு நீடித்தது. வாரம் போவதற்குள் சுவரில் மகாராஷ்டிராவின் நதிகள் அத்தனையும் கிளையோடு தெரிந்தன. தலைவர் பட்டி வைத்து அடைத்து, இரண்டு சுவருக்கும் ஒரே சந்தன நிற பெயின்ட் அடிக்கச் சொல்லி, நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்.

மழைக்கு அறிக்கை படிக்கிற பழக்கம் இல்லை. அக்டோபரில் முன்சுவர் பொரிந்து, தொட்டால் கையோடு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆலையின் டெக்னிக்கல் ஹெட் ரோஹிணி குல்கர்ணி சுவரைப் பார்க்க வந்தார். பார்கவி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வருவதற்குள் வெங்கடேஸ்வரன் அவருக்குச் சால்வை போர்த்தி, கையில் தேங்காயும் கொடுத்து, முன்சுவருக்கு அழைத்துப் போயிருந்தார். இதுதான் அந்தச் சுரங்கக் கழிவு, இளைஞர்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தோம் என்று இந்தியில் வருத்தப்பட்டார். பிறகு குப்பைத்தொட்டிப் பக்கம் நடத்திக்கொண்டு போய், விரிசல் இல்லாத சுவரைத் தட்டிக் காட்டி, இது எங்கள் பிரீமியம் என்றார்.

பெயின்ட்டில் இரண்டும் ஒன்றுதான். ரோஹிணி பார்கவியின் முகத்தைப் பார்த்தார்.

பார்கவி வாட்ச்மேன் அறைக்குப் போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தாள். இத்தனை நாள் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய சுவரின் நட்ட நடுவில் உளியை வைத்தாள்.

"என்னம்மா இது, நன்னா இருக்கற சுவத்தைப் போய் உடைக்கறயே," என்றார் வெங்கடேஸ்வரன், அவசரத்தில் தமிழுக்கு வந்து.

"நல்லா இருக்கறதாலதான் அங்கிள் உடைக்கறேன்."

சுவர் லேசில் உடையவில்லை. தன் கலவை இவ்வளவு கெட்டியாக வந்திருக்க வேண்டாமோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. ரோஹிணி சால்வையும் தேங்காயுமாகப் பொறுமையாக நின்றார். வியர்த்துக் கொட்டிய பிறகு ஒரு சில்லு விழுந்தது. சந்தன நிறத்துக்கு அடியில் அசல் இரும்புச் சிவப்பு. பிறகு முன்சுவருக்குப் போனார்கள்; அங்கே உளியே வேண்டியிருக்கவில்லை. விரலால் பெயர்த்ததும் சாம்பல் நிறப் பூச்சு உதிர்ந்தது.

முதல் மாடி பால்கனியிலிருந்து தலைவரின் மனைவி சாவித்ரியின் குரல் கேட்டது. "தண்ணி விடுங்கோன்னு அப்பவே சொன்னேன். சோஃபா நனைஞ்சுடும்னார்."

ரோஹிணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேலையை மூடப்போவதில்லை, அடுத்து இன்னும் பெரிய சுவராகப் பார் என்று பார்கவியிடம் சொன்னார். தலைவர் தொண்டையைச் செருமினார். இந்தப் பரிசோதனைக்கு ஆரம்பத்திலிருந்தே சங்கத்தின் முழு ஆதரவு இருந்தது என்றும், முன்சுவரையும் மனமுவந்து அளிப்பதாகவும் அறிவித்தார்.

"சுரங்கக் கழிவால் பூசியதுன்னு போர்டு வைக்கணும் அங்கிள்."

"வெச்சுடலாம். அந்தக் கழிவுங்கற வார்த்தை மட்டும்..."

"அதைத்தான் பெருசா எழுதணும்."

வெங்கடேஸ்வரன் சரி, திறப்பு விழா எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்.

"அடுத்த மழை முடியட்டும்," என்று சொல்லிவிட்டு, பார்கவி பின்சுவரில் போட்ட ஓட்டையை அடைக்கக் கலவை குழைக்கப் போனாள்.