பட்டனின் பிடரி

மணவிலக்கின்போது ரேவியும் ஷோனாவும் சண்டை போடாமல் பிரித்துக்கொண்டது சிஞ்சில்லாக்களை மட்டும்தான். எலி இனத்து வளர்ப்புப் பிராணிகள்; அணில் வாலும் புசுபுசுவென்று சாம்பல் முடியுமாக, கூடப்பிறந்த இரண்டு பெட்டைகள். பட்டன் ரேவிக்கு, பிக்கிள் ஷோனாவுக்கு. நியாயமாம், நல்ல நியாயம் போங்கள்!

அவன் பட்டனோடு தென்கோடி ஊரான இன்வர்கார்கிலுக்குக் குடிபோன கொஞ்ச நாளில் பிக்கிள் தன் முடியைத் தானே கடித்துத் துப்ப ஆரம்பித்தது. விலா இரண்டும் மொட்டை. மருத்துவர் பார்த்துவிட்டு நோய் ஒன்றுமில்லை, மன உளைச்சல்தான், துணையில்லாத ஏக்கமாக இருக்கலாம் என்றார். அதைக் கேட்டு ஷோனாவுக்கு வருத்தமாகவும் இருந்தது, உள்ளூர ஒரு சந்தோஷமும் வந்தது. இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டுமானால் மனிதர்கள் இரண்டு பேரும் சேர்ந்தாக வேண்டுமே. வாயில்லா ஜீவனைச் சாக்கு வைத்து அவள் போட்ட திட்டம் அது. அவளுக்கு அவன் வேண்டியிருந்தான், அவ்வளவுதான்.

தன் ஊரான ஓமருவிலிருந்து பிக்கிளின் கூண்டைக் காரில் ஏற்றிக்கொண்டு, அவன் வாங்கிக் கொடுத்த பச்சைக் கோட்டையும் மாட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் தெற்கே வந்து இறங்கினாள். ரேவி கதவைத் திறந்தான். ஆள் நன்றாகத் தெளிந்திருந்தான். உள்ளே சீஸ் ரோல், ரொட்டிக்குள் சீஸைச் சுருட்டி வாட்டுகிற வாசனை. இவளோடு இருந்தவரை அடுப்புப் பக்கமே போகாதவன். போனால் கருக்கிவிட்டாய், சிந்திவிட்டாய் என்று இவள் விட்டால்தானே?

பட்டன் அதைவிட ஆச்சரியம். அதன் பிடரியில் எப்போதும் ஒரு மொட்டைத் திட்டு இருக்கும். அதுவாகக் கடித்துக்கொள்கிறது, அதன் குணம் அப்படி என்று இருவரும் விட்டிருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் விரல் புதைகிற அளவுக்கு முடி.

"தனியா வந்ததும் வளந்துடுச்சு," என்றான் ரேவி. "அப்புறம்தான் உறைச்சுது. பிடரிக்கு அதோட வாய் எட்டுமா, ஷோனா?"

எட்டாது. ஒட்டிக்கொண்டு தூங்கிய பிக்கிள்தான் இத்தனை காலமும் கடித்திருக்கிறது. இப்போது கடிக்க ஆளில்லாமல் தன் விலாவையே கடிக்கிறது.

"பிரியமா நீவிக் குடுக்குதுன்னுல்ல நெனச்சேன்," என்றாள் ஷோனா.

"பிரியமாத்தான் கடிச்சிருக்கும்."

ஷோனா கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். "நீயும் தேறிட்ட, இல்ல?"

"தொப்பை போட்டிருக்கு."

"அதக் கேக்கல."

"ஆமா, தேறிட்டேன்," என்றான்.

மறுபடி சேரும் திட்டத்தைப் பற்றி ஷோனா மூச்சு விடவில்லை.

பிக்கிளை இங்கேயே விட்டுப் போகச் சொன்னான் ரேவி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கூண்டு, ஒன்றின் வாசம் ஒன்றுக்குத் தெரிந்தால் போதும். ஷோனா தலையசைத்தாள். பிக்கிளின் பல் எட்டாத அளவுக்குக் கூண்டை அவளே நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பட்டன் இந்தப் பக்கமாக வந்து, பிக்கிளைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது.

ரேவி தட்டை நீட்டினான். சீஸ் ரோலின் அடிப்பக்கம் கன்னங்கரேலென்று தீய்ந்திருந்தது. கருக்கிவிட்டாய் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஷோனா அதை ஒரு வாய் கடித்து, மென்று, விழுங்கினாள்.

"நல்லாருக்கு," என்றாள்.

ரேவி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.