பாசி படியும் வரை

புனே சாங்வியில் ஒரு மொட்டை மாடி ஷெட். அதில் ஒரு பெரிய டிரம் நிறையப் பச்சைத் தண்ணீர். பதினொரு மணிக்குக் கடக்வாஸ்லா பக்கமிருந்து மீன் பண்ணைக்காரர் சேவியர், மீனுக்குத் தீவனமாகப் பாசி வாங்க வருவார். அதற்குள் பாசி அடியில் படிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நாளை முதல் பழையபடி படிகாரம் போட்டுப் படியவைப்பதுதான் என்று முதலாளி ஸ்வாமிநாதன் சொல்லிவிட்டார். படிகாரத்துக்குப் பதில் முருங்கை விதையைப் பழக்கிய அவருடைய ஊழியை தீபாவின் எட்டு மாத வேலை சாக்கடைக்குப் போகும்.

இந்தப் பாசி துணியில் வடிகட்ட முடியாத பொடிசு. போதாக்குறைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே எதிர்மின்னூட்டம். அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும், புனேயில் ஒரே அபார்ட்மென்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மாதிரி. முற்றிய முருங்கை விதையை அரைத்துக் கரைத்து ஊற்றினால், அதிலுள்ள நேர்மின் புரதம் நடுவில் புகுந்து எல்லாரையும் கட்டிப்பிடிக்க வைக்கும். கட்டியானது கனத்துக் கீழே இறங்கும். முதலில் வேகமாகக் கலக்க வேண்டும், பிறகு மெதுவாக, அப்புறம் தொடவே கூடாது.

அந்தக் கடைசி விதிதான் ஸ்வாமிநாதனுக்கு ஏறவில்லை. பந்தியில் சாம்பார் வாளியைக் கண்டாலே அடியிலிருந்து கலக்கி ஊற்றச் சொல்கிற பரம்பரை. தீபா கரைசலை ஊற்றிக் கலக்கி, படியவிட்டு, கை கழுவிவிட்டு வருவதற்குள், துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, இறங்கிய கட்டியையெல்லாம் உடைத்து எழுப்பியிருந்தார்.

"எல்லாம் அடியில தங்கிடுச்சும்மா. கலக்கி விட்டேன்."

"தங்கறதுக்குத்தான் சார் காலைலேருந்து காவல் காக்கறேன்."

அவர் முகம் தொங்கியது. இன்னும் கொஞ்சம் விதைக் கரைசல் ஊற்றலாமே என்றார். அதிகமானால் நேர்மின் மிஞ்சிப்போய் மறுபடி எல்லாம் விலகி ஓடும் என்று சொல்லி, தீபா துடுப்பைப் பிடுங்கி, மூச்சுக்கு ஒரு சுற்றாகச் சுற்ற ஆரம்பித்தாள். உடைந்தவை வேண்டா வெறுப்பாக ஒட்டத் தொடங்கின. கீழே ஹார்ன் கேட்டது.

"முக்கால் மணி நேரம் வேணும் சார். உங்க மிலிட்டரி ஆர்ட்னன்ஸ் டிப்போ சர்வீஸைப் பத்தி அவர்கிட்ட சொல்லுங்க."

"எதை?"

"எல்லாத்தையும்."

சொன்னார். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் மூன்றாவது பிரமோஷனுக்கு வந்தபோது சேவியரின் இரண்டாவது டீயும் ஆறிப்போயிருந்தது.

தீபா கூப்பிட்டாள். மேலே தண்ணீர் கண்ணாடியாய் நின்றது. மேல் குழாயைத் திறந்து அதை வடித்தாள். அடியில் மோர்க்குழம்புப் பதத்தில் பச்சைக் கூழ். சேவியர் விரலால் தொட்டு முகர்ந்தார். மீனுக்கு ஆகாத படிகாரம் சேர்க்கவில்லையே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

"வாரத்துக்கு நாலு டிரம் அனுப்புங்க மேடம்," என்றவர், குரலைத் தாழ்த்தினார். "டெலிவரிக்கு மட்டும் சாரை அனுப்பாதீங்க."