முதலாளி இருந்தால் ஓடும் ஏசி

காலையில் கடை வாசலில் முதலாளியை இறக்கிவிட்டு, அவருடைய கனமான பையையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, டிரைவர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார். முதல் வளைவு தாண்டுவதற்குள் ஏசி நின்றுபோனது. சுவிட்சில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. காற்று மட்டும் வரவில்லை.

"அவரு இறங்கினதும் உனக்கும் வேலை முடிஞ்சு போச்சாக்கும்?" என்று டிரைவர் அதனிடமே கேட்டார்.

முதலாளி டைல்ஸ் வியாபாரி. தரைக்கு, சுவருக்கு, குளியலறைக்கு என்று மாதிரித் துண்டுகளை ஒரு பையில் அடுக்கி, எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவார். முன் இருக்கையில் உட்கார்ந்து பையைக் காலடியில் சாய்த்து வைத்துக்கொண்டால்தான் அவருக்கு நிம்மதி. அவரைக் கடையில் விட்டபிறகு அவருடைய மனைவியையும் மகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மனைவி அங்கே ஆசிரியை. மகள் இரண்டாம் வகுப்பு.

மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. வழியெல்லாம் சாலை வெட்டிப் போட்டிருந்ததால் கண்ணாடியை இறக்கினால் புழுதி, ஏற்றினால் புழுக்கம். மேடம் மகளின் நெற்றியைத் துடைத்தபடி முன்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்குமா, அண்ணா?"

"இன்னிக்கும்தான் மேடம். லைட் எரியுது பாருங்க. நான் எதையும் தொடல."

"டிரைவர் மாமா, ஏசிக்கு அப்பான்னாதான் பயம்" என்றாள் குழந்தை. மூவரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் குழந்தைக்கு இருமல் வந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் முதலாளி பையோடு ஏறி உட்கார்ந்தார். ஏசி ஜில்லென்று ஓடியது.

இதே கதை தினமும் நடந்தது. முதலாளி இருந்தால் ஓடும்; இல்லாவிட்டால் நிற்கும். கேட்பவர் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? முதலாளியும் அதைத்தான் நினைத்தார்.

"ஏம்ப்பா, ஏசியை நிறுத்திட்டு ஓட்டினா பெட்ரோல் மிச்சமாகுமில்ல?"

"மிச்சமாகும் சார். ஆனா நான் நிறுத்தல சார்."

"நான் சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை என்பது டிரைவருக்குப் புரிந்தது.

பட்டறைக்குப் போனார்கள். எலக்ட்ரீஷியனுக்கு ஊரெல்லாம் டெஸ்டர் என்றுதான் பெயர். காதில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். முதலாளி தம் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்று இருக்கையை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். டெஸ்டர் பியூஸைக் கழற்றிப் பார்த்தார். ரிலேயைத் தட்டிப் பார்த்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஏசி புயலாக அடித்தது.

"வண்டியில ஒண்ணுமே இல்ல சார்" என்ற டெஸ்டர், டிரைவரை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார். "ஓட்டுற கையிலதான் ஏதோ இருக்குபோல."

அந்தச் சிரிப்பு முதலாளிக்குப் போதுமானதாக இருந்தது.

டிரைவருக்கு ஒரே ஒரு யோசனைதான் மிச்சம். "சார், ஒரு தடவை நீங்க இல்லாம வண்டியை இங்க கொண்டுவரேன். அப்பதான் நிக்கும். நிக்கும்போது பார்த்தாதானே கண்டுபிடிக்க முடியும்?"

"நான் இல்லாமயா? எதுக்கு? ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு பில் போடவா?"

டெஸ்டருக்கும் கோபம் வந்துவிட்டது. "என்னை ஏன்யா இதுல இழுக்கற?" என்று டிரைவர் மீதே பாய்ந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்த வாரமே, குடியிருப்பின் வாசலில், காவலாளிகள் பார்க்க, முதலாளி சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேடம் மாடியில் நின்றிருந்தார். விளக்கு எரிந்ததையும் டிரைவர் கை ஸ்டீயரிங்கை விட்டு அகலாததையும் கண்ணால் பார்த்தவர் அவர். 'ஒருவேளை நமக்குத் தெரியாமல் ஏதாவது செய்திருப்பாரோ?' என்ற எண்ணம் அவருக்கும் வந்துவிட்டது. அதனால் இறங்கி வரவில்லை.

குடியிருப்புக்காரர்களின் வாட்ஸப் குழுவில் முதலாளி எழுதினார்: "என் டிரைவர் ஏசி ஒயரைப் பிடுங்கிவிட்டு பெட்ரோல் திருடினான். யாரும் வேலைக்கு எடுக்க வேண்டாம்." கீழே நன்றி சொல்லிப் பலர் கைகூப்பியிருந்தார்கள். எதிர் வீட்டு டாக்டரம்மா டிரைவரை மறுநாள் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். இதைப் படித்ததும் டிரைவரின் போனை எடுக்கவே இல்லை.

அதற்குப்பிறகு முதலாளி தாமே ஓட்டினார். பை பக்கத்து இருக்கையின் காலடியில். ஏசி ஒருநாள்கூட நிற்கவில்லை. "பார்த்தியா? ஆளை அனுப்பினேன், நோய் போச்சு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். மேடமும் மகளும் பள்ளி வேனில் போய்வந்தார்கள்.

ஒரு விடுமுறை நாளில் மகளுக்கு இரைப்பு அதிகமானது. டாக்டரிடம் போகப் புறப்பட்டார்கள். கடை இல்லாத நாள் என்பதால் பை வீட்டிலேயே இருந்தது. மேடம் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். பெரிய சாலையில் நெரிசல். பேருந்துகளின் கரும்புகை சுற்றிலும் சூழ்ந்து நின்றது. அப்போது ஏசி நின்றுபோனது.

முதலாளி சுவிட்சைத் தட்டினார், திருகினார், டேஷ்போர்டைக் குத்தினார். விளக்கு எரிந்தது. காற்று வரவில்லை. பின்னால் குழந்தையின் நெஞ்சில் விசில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடியை இறக்கினால் புகை. முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் வழியில்லை.

"என்னங்க பண்ணீங்க?"

"நான் எதையும் தொடலையே! லைட் எரியுது பாரு!"

மேடம் முன்னால் தொங்கும் கண்ணாடி வழியே அவரைப் பார்த்தார். "இதைத்தான் அவரும் சொன்னாரு" என்றார்.

குழந்தைக்கு மருந்துப்புகை கொடுத்து டாக்டர் சரிசெய்து அனுப்பினார். மனைவியையும் மகளையும் வீட்டில் விட்டுவிட்டு முதலாளி பட்டறைக்கு வந்தார். ஏசி நின்ற நிலையிலேயே வண்டி பட்டறைக்குள் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை.

டெஸ்டர் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் படுத்துக்கொண்டு, முன்பெட்டிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் தடுப்பில் கையை வைத்து அழுத்தினார். காற்று வந்தது. கையை எடுத்தார். நின்றது. மறுபடி அழுத்தினார், வந்தது. தடுப்பைக் கழற்றினால், விசிறிக்குப் போகும் ஒயரின் சொருகி கருகி, தளர்ந்து தொங்கியது.

"இந்த இடத்துல வெயிட்டா ஏதாவது சாய்ச்சு வைப்பீங்களா சார்?"

"என் டைல்ஸ் பையை அங்கதான்ப்பா சாய்ச்சு வைப்பேன்" என்றார் முதலாளி.

"நானும்தான் அன்னிக்கு வாயை விட்டேன்" என்று டெஸ்டர் தலையைச் சொறிந்தார். "அந்தாளு சரியாத்தான் சொன்னாரு."

முதலாளி குழுவில் திருத்தம் எழுதினார். இரண்டு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். டாக்டரம்மாவிடம் நேரிலேயே போய்ச் சொன்னார். "நீங்க சொல்றது சரிதாங்க. இருந்தாலும் பேர் அடிபட்ட ஆளு, எதுக்கு வம்பு?" என்றார் அவர். போட்ட வார்த்தையை முதலாளியால் அழிக்க முடிந்தது. படித்தவர்கள் மனத்திலிருந்து அழிக்க முடியவில்லை.

தேடிப் பிடித்தபோது டிரைவர் ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் புகை படிந்திருந்தது. முதலாளி எல்லாவற்றையும் சொன்னார். பை விஷயத்தையும் மறைக்காமல் சொன்னார்.

"அப்படியா சார்?" என்றார் டிரைவர். "நீங்க இல்லாம ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். அது ஒண்ணுதான் கேட்டேன்."

"திரும்ப வந்துடுப்பா. நாளைக்கே வா."

"வேண்டாம் சார். நாளைக்கு ஹாரன் அடிக்கலன்னாலும் நீங்க முதல்ல என் முகத்தைத்தான் பார்ப்பீங்க. நானும் உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே ஓட்டணும். வண்டி ஓட்ட முடியாது." பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் சீட்டைக் கிழித்தபடி திரும்பிக் கேட்டார். "பாப்பாவுக்கு இப்ப பரவாயில்லையா?"

வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடிவந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "டிரைவர் மாமா வரலையா?"

"வரமாட்டாரும்மா."

"ஏன்? ஏசிதான் சரியாயிடுச்சே?"

முதலாளி மகளைத் தூக்கிக்கொண்டார். மனைவியும் அருகே வந்து நின்றார்.

"ஒயர் மேல சந்தேகம் வந்தா மீட்டர் வெச்சுப் பார்க்கறோம். மனுஷன் மேல சந்தேகம் வந்தா பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிடறோம். அதுவும் நம்மகிட்ட வேலை செய்யறவன்னா ஊருக்கே சொல்லிடறோம். ஒயரைப் புதுசா மாத்திடலாம். ஒருத்தர் பேரை அப்படி மாத்த முடியாது, பாப்பா. அப்பா தப்புப் பண்ணிட்டேன்."

"அம்மாவும்தான்" என்றார் மனைவி.